செடியில் விளைந்ததும் ஆய்வகத்தில் செய்ததும் ஒன்றுதானா?

கல்லூரியில் படிக்கும் உங்கள் தம்பி ‘ஸ்பைஸ்’ வகைப் பொட்டலங்களை, அதாவது கஞ்சாவுக்குப் பதிலாக விற்கப்படும் செயற்கைப் போதைப்பொருளை, வாங்கிப் புகைக்கிறார். கண்டித்தால், “இதுவும் கஞ்சாவும் ஒன்றுதான் அக்கா, அது செடியில் வருகிறது, இது ஆய்வகத்தில் வருகிறது, கஞ்சாவால் யாரும் செத்ததில்லை, இது சோதனையில்கூடச் சிக்காது” என்கிறார். இதில் எவ்வளவு உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்காமல் கேட்டிருப்பது இன்னொன்று: எந்த அளவுக்கு நான் பயப்பட வேண்டும்? இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் மருந்தியல் படித்தவன்; நச்சு உண்டவர்களும் அளவு மீறியவர்களும் வந்து சேரும் அவசரப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன். மனநல மருத்துவன் அல்லன். எனவே இந்தப் பொருள்கள் உடலுக்குள் செய்வதைப் பற்றிப் பேசுவேன். உங்கள் தம்பியின் மனநிலை பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். நேரில் பார்க்காத எவரும் சொல்லக் கூடாது.

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டுகள் எனப்படும் வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. போதைக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டிஎச்சி. அதன் கட்டமைப்பை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் வெளியிட்டார்கள். ஆனால் அது மூளையில் எதைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது என்பது தெரியவர மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட்டின் ஆய்வகம் எலி மூளையில் அதற்கான ஏற்பி, அதாவது அது போய்ப் பற்றிக்கொள்ளும் புரதம், இருப்பதைக் காட்டியது. இன்று அதை சிபி1 என்கிறோம். நோய் எதிர்ப்பு அணுக்களில் மிகுதியாகக் காணப்படும் சிபி2 ஏற்பி 1993-இல் அறியப்பட்டது. எங்கோ வளரும் ஒரு செடிக்காக மூளை ஏற்பிகளை வைத்துக்கொண்டு காத்திருக்காது. உடலே தனக்கென்று எதையோ சுரக்க வேண்டும். அப்படித் தேடியதில் 1992-இல் ஆனந்தமைடு கிடைத்தது, 1995-இல் 2-ஏஜி என்னும் இன்னொன்று கிடைத்தது.

இந்தச் சொந்தச் சரக்கு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் மற்றவை தாமாகவே விளங்கும். பொதுவாக நரம்புகளில் செய்தி ஒரே திசையில் போகும். ஒரு நரம்பணு அனுப்பும், அடுத்தது பெறும். பெறுகிற அணு அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால், தன் சவ்வின் கொழுப்பிலிருந்து அப்போதே 2-ஏஜியைத் தயாரித்து, அனுப்பிய அணுவை நோக்கியே திருப்பி விடுகிறது. அங்குள்ள சிபி1 அதை வாங்கிக்கொண்டு அடுத்த செய்தியின் வேகத்தைத் தணிக்கிறது. உடனே நொதிகள் வந்து 2-ஏஜியைச் சிதைத்துவிடுகின்றன. 2001-இல் தனித்தனி ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதை நிறுவின. தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட கணத்தில், சிறிது நேரத்துக்கு மட்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். வெளியிலிருந்து வரும் கன்னாபினாய்டுக்கு இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. மூளை முழுவதிலும் ஒரே சமயத்தில் பரவி, மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும்.

எதிர்த்திசையில் கைவைத்தாலும் வம்புதான். சிபி1-ஐ அடைத்தால் பசி குறையும் என்று கணக்குப் போட்டு, ரிமொனாபேன்ட் என்ற எடைக் குறைப்பு மருந்துக்கு ஐரோப்பாவில் 2006-இல் அனுமதி கொடுத்தார்கள். எடை குறைந்தது. கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் சிலருக்கு வந்தன. 2008-இல் விற்பனை நிறுத்தப்பட்டது. மனத்தின் அன்றாடச் சமநிலைக்கு இந்த அமைப்பு எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சிபி1 எங்கெங்கே அடர்ந்திருக்கிறது என்று பார்த்தால் டிஎச்சியின் விளைவுகளை ஏறத்தாழ ஊகித்துவிடலாம். புது நினைவுகள் பதியும் ஹிப்போகாம்பஸில் நிறைய இருக்கிறது. அதனால் பேசத் தொடங்கிய வாக்கியத்தின் முனை நடுவழியில் தொலைந்துபோகிறது. அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையிலும் அடித்தள முடிச்சுகளிலும் இருக்கிறது. அதனால் வாகனம் ஓட்டுவது ஆபத்தாகிறது. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவில் இருப்பதால், குறைந்த அளவில் அமைதியும் கூடிய அளவில் பீதியும் வருகின்றன. ஹைப்போதலாமஸில் இருப்பதால் பசி தூண்டப்படுகிறது. மூளைக்கு வெளியே இதயம் வேகமாகத் துடிக்கும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரியலாம், கண்கள் சிவக்கும், வாய் உலரும். புகைத்தால் சில நிமிடங்களில் தொடங்கும். உண்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம்வரை ஒன்றும் தெரியாது. கல்லீரல் அதை 11-ஹைட்ராக்ஸி-டிஎச்சி என்ற வீரியமான பொருளாக மாற்றிய பிறகே தாக்கும். “ஒன்றும் ஆகவில்லையே” என்று இன்னொரு துண்டு தின்றவர்கள்தான் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள்.

“கஞ்சாவால் யாரும் செத்ததில்லை” என்பதற்கு வருவோம். அதில் ஓர் உண்மை இருக்கிறது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதிகளில் சிபி1 மிகவும் குறைவு. அபின் வகைப் பொருள்கள் மூச்சை நிறுத்திக் கொல்வதுபோல, வளர்ந்த ஒருவரை டிஎச்சி கொல்வது மிக அரிது. ஆனால் மரணத்துக்கு மூச்சு நிற்பது ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? போதையில் வண்டி ஓட்டிப் போனவர்கள் இருக்கிறார்கள். கஞ்சா கலந்த இனிப்பை அறியாமல் தின்ற சிறு குழந்தைகள் நினைவிழந்து, செயற்கைச் சுவாசம் தேவைப்படும் நிலைக்குப் போயிருக்கிறார்கள். அதோடு, உங்கள் தம்பி சொல்லும் ஆறுதல் டிஎச்சிக்கு உரியது. அவர் பொட்டலத்தில் இருப்பது டிஎச்சி அல்ல.

இங்கேதான் அவர் தவறுகிறார். ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. ஆய்வகத்தில் செய்யப்பட்டது என்பது குற்றமே இல்லை. ட்ரோனபினால் என்ற மருந்து ஆய்வகத்தில் செய்த டிஎச்சிதான். செடியில் உள்ளதிலிருந்து அணுவளவும் வேறுபடாது. புற்றுநோய் மருந்துகளால் வரும் குமட்டலுக்காக 1985 முதல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி உண்டு. மூலக்கூறு எங்கே பிறந்தது என்பது உடலுக்குத் தெரியாது. உடலுக்குத் தெரிவது மூன்று: ஏற்பியை அது எவ்வளவு வலுவாக இயக்குகிறது, எவ்வளவு நேரம் இயக்குகிறது, எவ்வளவு உள்ளே வந்தது.

முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். டிஎச்சி ஒரு பகுதி இயக்கி. பாதிக்கு மேல் திறக்காதபடி தடுப்பு வைத்த தண்ணீர்க் குழாயைப்போல, எவ்வளவு டிஎச்சியை ஊற்றினாலும் ஒவ்வொரு சிபி1 ஏற்பியும் ஓரளவுக்கு மேல் இயங்காது. ‘ஸ்பைஸ்’, ‘கே2’ போன்ற பெயர்களில் விற்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவை முழு இயக்கிகள். அந்தத் தடுப்பு அவற்றுக்குக் கிடையாது. ஏற்பியோடு டிஎச்சியைவிடப் பல மடங்கு இறுகப் பிணைபவையும் உண்டு. இரண்டாவது, நேரம். டிஎச்சியைக் கல்லீரல் உடைக்கும்போது கடைசியில் மிஞ்சுவது செயலற்ற ஒரு கழிவு. ஜேடபிள்யூஎச்-018 போன்ற செயற்கை மூலக்கூறுகளை உடைத்தாலோ, உடைந்த துண்டுகளில் பலவும் சிபி1-ஐ இயக்கிக்கொண்டே இருக்கின்றன. உடல் கழிக்க முயல்வதே மருந்தை நீட்டிப்பதாக ஆகிவிடுகிறது.

இவை யாரையும் போதையூட்டச் செய்யப்பட்டவை அல்ல. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியலாளர், ஏற்பியின் வடிவத்தைப் புரிந்துகொள்வதற்காக நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைச் செய்து பார்த்தார்; ஜேடபிள்யூஎச் என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள். சிலவற்றை மருந்து நிறுவனங்கள் வலி நிவாரணி தேடும்போது செய்து, காப்புரிமை எழுதிவிட்டுக் கிடப்பில் போட்டன. அந்தக் கட்டுரைகளையும் காப்புரிமைகளையும் சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டவர்கள் பின்னால் வந்தார்கள். 2008-இன் இறுதியில் ஜெர்மன், ஆஸ்திரிய ஆய்வகங்கள் ‘ஸ்பைஸ்’ பொட்டலங்களில் ஜேடபிள்யூஎச்-018 இருப்பதைக் கண்டுபிடித்தன. அரசுகள் அதைத் தடைசெய்தன; அடுத்த மூலக்கூறு வந்தது. அதையும் தடைசெய்தன, இன்னொன்று வந்தது. ஐரோப்பாவின் கண்காணிப்பு அமைப்பு இதுவரை 200-க்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்திருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்டதே இல்லை. உங்கள் தம்பி உட்பட வாங்கிப் புகைக்கிறவர்கள்தான் முதல் சோதனை விலங்குகள். கடுமையாகச் சொல்கிறேன், ஆனால் மிகைப்படுத்தவில்லை.

மூன்றாவது விஷயம், அளவு, எனக்கு எப்போதும் அதிகக் கவலை தருவது. இவை வெள்ளைப் பொடிகள். அசிட்டோன் போன்ற கரைப்பானில் கரைத்து, ஏதோ ஓர் உலர்ந்த இலைமேல் தெளித்துக் காயவைக்கிறார்கள். தெளிப்பு சீராக விழாது. ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகையில் ஒன்றுமே இராது. அடுத்த சிட்டிகையில் பல மடங்கு செறிந்திருக்கும். நேற்று புகைத்து ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு எந்த உத்தரவாதமும் தராது. அதே உறையில் போன மாதம் இருந்த மூலக்கூறுதான் இந்த மாதமும் இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே நாளில் 33 பேர் நின்ற இடத்திலேயே உறைந்து, வெறித்த பார்வையும் முனகலுமாகக் கிடந்தார்கள். செய்தித்தாள்கள் ‘ஸோம்பி’ என்று எழுதின. காரணம் ஏஎம்பி-ஃபுபினாக்கா என்ற மூலக்கூறு. அதன் வீரியம் டிஎச்சியைப்போல 85 மடங்கு என்று பின்னர் மதிப்பிட்டார்கள். 2018-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 150-க்கும் மேற்பட்டவர்கள் மூக்கு, ஈறு, சிறுநீர் எனப் பல வழிகளில் ரத்தம் ஒழுக மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அவர்கள் புகைத்த பொருளில் புரோடிஃபாகூம் என்ற எலி நஞ்சு கலந்திருந்தது. சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் மாதக்கணக்கில் வைட்டமின் கே எடுக்க வேண்டியிருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, வேறு நோயில்லாத இளைஞர்களுக்கு இதே வகைப் பொருள்களால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததும் பதிவாகியிருக்கிறது. அவசரப் பிரிவில் இவர்களைப் பார்த்தவுடன் கஞ்சா என்று தோன்றாது. வலிப்பு, அடங்காத வெறி, விடாத வாந்தி, மிக வேகமாகவோ மிக மெதுவாகவோ துடிக்கும் இதயம், நினைவிழப்பு இவற்றோடு வருவார்கள். டிஎச்சியால் வலிப்பு வருவது அபூர்வம். இவற்றில் அது அடிக்கடி காணும் அறிகுறி.

இதுவரை சொன்னவற்றில் எனக்குத் தயக்கம் இல்லை. நீண்ட கால விளைவுகளுக்கு வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது, இயற்கைக் கஞ்சா விஷயத்தில்கூட. மனச்சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். சுவீடனில் ராணுவப் பணிக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987-இல் வெளியானது. ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. 2019-இல் வந்த பல நாட்டு ஐரோப்பிய ஆய்வில், வீரியம் மிக்க கஞ்சாவை நாள்தோறும் எடுத்தவர்களுக்கு உளப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. தொடர்பு இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு நரம்பின் வழியாக டிஎச்சி செலுத்தினால் சில மணி நேரம் மாயத்தோற்றமும் சந்தேக எண்ணங்களும் வருவதை யேல் பல்கலைக்கழகத்தினர் 2004-இல் காட்டினார்கள். ஆகவே தற்காலிக விளைவுக்கு டிஎச்சியே காரணம் என்பதும் உறுதி. நிரந்தர நோயைக் கஞ்சாவே உண்டாக்குகிறதா, நோய்க்கான மரபுக்கூறு உள்ளவர்கள் கஞ்சாவை நாடுகிறார்களா, அல்லது இரண்டும் சேர்ந்து நடக்கிறதா என்பதில்தான் வாதம். என் தனிப்பட்ட கருத்து இரண்டும் என்பதே. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால் அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். தம்பிக்கு இப்போதே சொல்லுங்கள்.

அறிவுத்திறன் பற்றிய சான்று இன்னும் சிக்கலானது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரை 38 வயதுவரை தொடர்ந்தார்கள். பதின்வயதில் தொடங்கி விடாமல் பழகியவர்களின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 8 புள்ளிகள் குறைந்திருந்ததாக 2012-இல் அறிவித்தார்கள். பெரிய பரபரப்பு. 2016-இல் வெளியான இரட்டையர் ஆய்வோ, கஞ்சா எடுத்தவருக்கும் எடுக்காத அவர் உடன்பிறப்புக்கும் இடையே அப்படியொரு வேறுபாட்டைக் காணவில்லை; குடும்பச் சூழலே காரணமாக இருக்கலாம் என்றது. போதை இருக்கும்போதும் அதை அடுத்த நாள்களிலும் நினைவும் கவனமும் குன்றுவது நிச்சயம். அந்தப் பாதிப்பு நிலைத்துவிடுகிறது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. நாள்தோறும் எடுப்பவர்களின் மூளையில் சிபி1 ஏற்பிகள் குறைந்துவிடுவதும், ஏறக்குறைய நான்கு வாரம் நிறுத்தினால் அவை மீள்வதும் ஸ்கேன் மூலம் பார்க்கப்பட்டிருக்கின்றன. தம்பியிடம் பேசும்போது ‘உன் மூளை போய்விட்டது’ என்பதைவிட இந்தச் செய்தி உதவும்.

இதயத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை, அதோடு எச்சரிக்கைக்கே ஓர் எச்சரிக்கை. கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு 4.8 மடங்கு என்ற கணக்கு எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. 2001-இல் வந்த அந்த ஆய்வில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் புகைத்திருந்தவர்கள் வெறும் 9 பேர். திசை சரியாக இருக்கலாம். எண்ணை நம்பி அடுக்குமாடி கட்ட வேண்டாம். செயற்கை வகைகளின் நீண்ட கால விளைவுகளுக்கு இந்த அளவுக்குக்கூடச் சான்று கிடையாது. மூலக்கூறு ஆண்டுதோறும் மாறும்போது யாரை, எதற்காகத் தொடர்ந்து ஆய்வது?

கஞ்சாச் செடியிலேயே உள்ள இன்னொரு கன்னாபினாய்டான கன்னாபிடியால், சுருக்கமாக சிபிடி, பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது போதை தராது. சிபி1-ஐ நேரடியாக இயக்குவதில்லை. ட்ராவே நோய்க்குறி போன்ற கடும் குழந்தைப் பருவ வலிப்பு நோய்களில் அது உதவுகிறது என்பது முறையான பரிசோதனைகளில் நிறுவப்பட்டு, 2018-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. கடைகளில் அதன் பெயரால் சொல்லப்படும் மற்ற மகிமைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் மெலிந்தது. கல்லீரல் நொதிகளை அது தடுப்பதால் வேறு மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஏறலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மருந்தை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சோதனையில் சிக்காது என்பது பாதி உண்மை. வழக்கமான சிறுநீர்ச் சோதனை டிஎச்சியின் கழிவைத் தேடுவது. வேறு கட்டமைப்புள்ள மூலக்கூறு அதில் தென்படாது. சிறப்பு ஆய்வகங்கள், மூலக்கூறை அதன் நிறையைக் கொண்டு இனம்காணும் நிறைமாலை முறையில் கண்டுபிடித்துவிடும், அதற்கு நாள்கள் ஆகலாம். அவர் யோசிக்காதது இதுதான்: நினைவிழந்து வருபவரின் சோதனை சுத்தமாக வந்தால், நானும் இருட்டில்தான் நிற்கிறேன். முறிவு மருந்து இல்லை. அபின் வகைக்குப் பயன்படும் நலோக்சோன் கன்னாபினாய்டுகளை முறிக்காது. வலிப்பை அடக்குவது, மூச்சையும் இதயத்தையும் காப்பது, நீர் ஏற்றுவது, சிறுநீரகத்தைக் கண்காணிப்பது, காத்திருப்பது. எங்கள் கையில் உள்ளது அவ்வளவே.

ஆகவே, அவர் வலிப்பு வந்து விழுந்தாலோ, கூப்பிட்டால் எழாமல் கிடந்தாலோ, நெஞ்சு வலி என்றாலோ, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று மிரண்டாலோ, போதை தெளியட்டும் என்று அறையில் விட்டுவிடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி எடுக்கத் தூண்டாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பொட்டலத்தில் மீதி இருந்தால் மருத்துவரிடம் கொடுங்கள். சில நாள் கழித்து ஈறில் ரத்தம் கசிந்தாலோ சிறுநீர் சிவந்தாலோ அதுவும் அவசரம்தான். நிறுத்துவது பற்றி: கஞ்சாவை நிறுத்தியவர்களுக்கு ஓரிரு வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் பசியின்மையும் இருக்கும், உயிருக்கு ஆபத்து இல்லை. செயற்கை வகையை நாள்தோறும் எடுத்தவர்கள் திடீரென நிறுத்தியபோது வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. அவர் எவ்வளவு காலமாக, எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. தினமும் என்றால் வீட்டில் பூட்டிவைத்து நிறுத்த முயலாமல் மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்தச் செய்யுங்கள்.